மோடத்துக்கு வைத்தியம் பார்ப்பது யார்?

சென்ற நவம்பர் மாதம் ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். மயூர் விஹாரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளிக் குடியிருக்கும் நண்பர் ஒருவர் ஃபோன் செய்தார். மத்திய அரசு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து நான்கு. குரலில் பதற்றம் தெரிந்தது.

"சார், செல்ஃபோனில் ஏதோ வந்திருக்கிறது. 'புதிய ஃபர்ம்வேர் தயார், இப்போது மாற்றலாமா?' என்று கேட்கிறது. கீழே ஒரு பச்சைப் பொத்தான். அமுக்கட்டுமா?"

"எதற்கு வந்திருக்கிறது?"

"இன்டர்நெட் பெட்டிக்குத்தான் சார்."

"அது யாருடைய பெட்டி?"

சற்று நேரம் பதிலே இல்லை. பிறகு, "என்ன சார் இப்படிக் கேட்கிறீர்கள்? என் வீட்டு ஹாலில்தானே இருக்கிறது! வேறு யாருடையதாக இருக்கும்?" என்றார்.

"நான் வருகிற வரைக்கும் எதையும் அமுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவருடைய பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. நவம்பர் மாதம் பென்ஷன்காரர்களுக்குப் பரீட்சை மாதம். உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுத்தால்தான் மேற்கொண்டு பென்ஷன் வரும். 2014-ஆம் ஆண்டு நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' திட்டம் வந்த பிறகு இதை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகக் கொடுக்க முடிகிறது. இப்போது செல்ஃபோனில் முகத்தைக் காட்டினாலே போதும். நண்பர் அன்று காலை குளித்துவிட்டு முகத்தைக் காட்டலாம் என்று உட்கார்ந்திருந்த சமயத்தில்தான் இந்தப் பச்சைப் பொத்தான் குறுக்கே வந்து நின்றது. அமுக்கினால் இணைப்பே போய்விடுமோ என்று ஒரு பயம். அமுக்காவிட்டால் ஏதாவது கெட்டுப்போகுமோ என்று இன்னொரு பயம்.

இந்த இரண்டு பயங்களுமே நியாயமானவைதான். நம் சங்க உறுப்பினர்களில் பலருக்கும், அதிலும் பிள்ளைகளை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவர்களுக்கு, இந்தக் கேள்வி இன்றோ நாளையோ வரத்தான் போகிறது. ஆகவே அந்தப் பொத்தானைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுதலாம் என்று தோன்றியது.

ஃபர்ம்வேர் என்றால் என்ன?

மோடமும் ரவுட்டரும் பார்ப்பதற்கு வெறும் பிளாஸ்டிக் பெட்டிகள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டரே இருக்கிறது. கம்ப்யூட்டர் என்றால் அதை நடத்த ஒரு மென்பொருள் வேண்டுமல்லவா? அந்த மென்பொருளைப் பெட்டிக்குள் இருக்கும் 'ஃப்ளாஷ்' நினைவகத்தில் தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்புகிறார்கள். கரண்ட் போனாலும் அது அழியாமல் நிலையாக இருக்கும். அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர்.

இதை மாற்றும்போது நடப்பது என்ன? புதிய மென்பொருள் முதலில் பெட்டியின் தற்காலிக நினைவகத்துக்கு வந்து சேர்கிறது. அதன்பின் பழையதைப் பகுதி பகுதியாக அழித்து, அதே இடத்தில் புதியதை எழுதுகிறது. இதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகலாம். அந்தச் சில நிமிடங்களில் பழையதும் முழுதாக இல்லை, புதியதும் முழுதாக இல்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் பெட்டிக்குத் தான் யார் என்பதே மறந்துவிடும்.

விலை கூடிய பெட்டிகளில் ஃபர்ம்வேருக்கு இரண்டு அறைகள் வைத்திருப்பார்கள். ஒன்றில் பழையது அப்படியே இருக்கும், மற்றொன்றில் புதியதை எழுதுவார்கள். புதியது சரியாக ஓடாவிட்டால் பெட்டி தானாகவே பழையதற்குத் திரும்பிவிடும். மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் ஒரே அறைதான்.

என் வீட்டுச் செங்கல்

இதையெல்லாம் நான் புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கைக்காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

அப்போது எங்கள் வீட்டில் டெலிஃபோன் லைன் வழியாக வரும் பிராட்பேண்ட் இணைப்பு. மோடம் கம்பெனி வாடகைக்குக் கொடுத்தது. ஆபீசில் ஒரு நண்பர், "புது ஃபர்ம்வேர் போட்டால் ஸ்பீடு கூடும் சார், நான் போட்டுவிட்டேன்" என்றார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் ஃபைல் கிடைத்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார்ந்து ஆரம்பித்தேன். திரையில் பத்து சதவீதம், முப்பது சதவீதம் என்று ஏறிக்கொண்டே போனது. அறுபதைத் தாண்டியபோது கரண்ட் போயிற்று.

டெல்லியில் ஜூன் மாதச் சாயங்காலம் கரண்ட் போவது அதிசயமா? வீட்டில் இன்வர்ட்டர் இருந்தது. ஆனால் அது விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும். மோடத்தை அதில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. மோடத்தில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. வேறு அசைவே இல்லை.

அப்போதுதான் என் பெண் அறையிலிருந்து வந்து, "அப்பா, நெட் வரவில்லையே?" என்றாள். மேற்படிப்புக்கான விண்ணப்பம் ஒன்றை அவள் அனுப்ப வேண்டியிருந்தது. கடைசி நாள் அன்றுதான். இரவு பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேசாமல் காகிதங்களை எடுத்து ஒரு பையில் வைத்துக்கொண்டாள். இருவரும் ஆட்டோ பிடித்து, திறந்திருக்கும் சைபர் கஃபேயைத் தேடி அலைந்தோம். முதல் கடை மூடியிருந்தது. இரண்டாவது கடையில் அங்கேயும் கரண்ட் இல்லை. மூன்றாவது கடையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே கால்.

மூன்று நாள் கழித்துக் கம்பெனி ஆள் வந்தார். மோடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாஹப், இஸே ஆப்னே ஹீ மார் தியா" என்றார். 'ஐயா, இதை நீங்களேதான் கொன்றுவிட்டீர்கள்' என்று அர்த்தம். வாடகைப் பெட்டியைக் கெடுத்ததற்கு முழு விலையும் கட்டினேன். அவர்மேலும் தப்பில்லை, அவருடைய கம்பெனிமேலும் தப்பில்லை. அந்தப் பெட்டியில் கை வைக்க எனக்கு அதிகாரமும் இல்லை, அவசியமும் இல்லை. ஸ்பீடு கூடும் என்ற பேராசைதான் இருந்தது.

இப்படி உயிர்போன பெட்டியை ஆங்கிலத்தில் 'ப்ரிக்' என்பார்கள், அதாவது செங்கல். அதற்குமேல் வேறு எதற்கும் உதவாது என்பதால் அந்தப் பெயர்.

அன்று வேகத்துக்காக

என் ஆபீஸ் நண்பர் சொன்னதும் முழுப் பொய்யல்ல. ஒரு காலத்தில் ஃபர்ம்வேரை மாற்றினால் உண்மையாகவே வேகம் கூடியது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். மூலமாக வந்தது. டெலிஃபோன் லைனில் மோடத்தை மாட்டி, அது 'கீ... கர்ர்...' என்று கத்துவதைக் கேட்டுக்கொண்டு காத்திருந்த காலம் அது. 1997-இல் வினாடிக்கு 56 கிலோபிட் வேகமுள்ள மோடங்கள் சந்தைக்கு வந்தன. அதில் இரண்டு கட்சிகள். ஒரு கட்சியின் முறைக்கு 'எக்ஸ்2' என்று பெயர், மற்றதற்கு 'கே56ஃப்ளெக்ஸ்'. ஒன்றுக்கு மற்றதன் பாஷை புரியாது. நம் மோடம் ஒரு கட்சியாகவும் எதிர்முனையில் இருப்பது மறு கட்சியாகவும் இருந்தால் 56-க்குக் கொடுத்த காசு வீண். 1998-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 'வி.90' என்ற பொதுத் தரத்தைக் கொண்டுவந்து சண்டையைத் தீர்த்து வைத்தது.

அப்போது ஃப்ளாஷ் நினைவகம் உள்ள மோடத்தை வாங்கியிருந்தவர்கள் ஒரு ஃபைலை இறக்கி, தாங்களே பதிந்து, பழைய மோடத்தை வி.90 மோடமாக ஆக்கிக்கொண்டார்கள். புதுப் பெட்டி வாங்க வேண்டிய செலவு மிச்சம். 'ஃபர்ம்வேரை நாமே மாற்றிக்கொள்ள வேண்டும், அதுதான் கெட்டிக்காரத்தனம்' என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வேரூன்றியதுதான். அந்த மோடம் நம் சொந்தப் பெட்டி. அதைக் கவனிக்க வேறு யாரும் கிடையாது. எனவே அப்போது அது சரியாகவும் இருந்தது.

இன்று பாதுகாப்புக்காக

அன்றைய மோடம் நாம் டயல் செய்யும்போது மட்டும் விழித்திருந்தது. இன்றைய பெட்டி இருபத்து நான்கு மணி நேரமும் தெருவைப் பார்த்தபடி திறந்திருக்கும் வாசல். அந்த வாசலில் ஒரு ஓட்டை இருந்தால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவன் உள்ளே கை விடலாம். இப்போதெல்லாம் ஃபர்ம்வேரை மாற்றச் சொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைப்பதற்குத்தான்.

பிரேஸில் நாட்டில் 2011-இல் தொடங்கி நடந்த மோசடி ஒன்று இருக்கிறது. மோடங்களின் ஃபர்ம்வேரில் இருந்த ஒரு ஓட்டை வழியாகச் சுமார் 45 லட்சம் மோடங்களுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். பெட்டியை அவர்கள் கெடுக்கவில்லை. அதற்குள் இருந்த விலாசப் புத்தகத்தை மட்டும் மாற்றினார்கள். வீட்டுக்காரர் தன் வங்கியின் பெயரைச் சரியாகத்தான் தட்டினார். மோடம் அவரைக் கொண்டுபோய் விட்டது திருடன் கட்டிவைத்த போலி வங்கியில். கம்ப்யூட்டரில் எவ்வளவு உயர்ந்த வைரஸ் தடுப்பு இருந்தாலும் என்ன பயன்? கெட்டுப்போனது கம்ப்யூட்டர் இல்லையே.

இன்னொரு சம்பவம் நாம் யோசிக்க வேண்டியது. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் 'செக் பாயிண்ட்' என்ற பாதுகாப்பு நிறுவனம் ஓர் ஓட்டையைப் பற்றி அறிவித்தது. பல கம்பெனிகளின் மோடங்களுக்குள் பொதுவாக இருந்த 'ராம்பேஜர்' என்ற சிறு மென்பொருளில் இருந்த ஓட்டை அது. 189 நாடுகளில் குறைந்தது 1 கோடியே 20 லட்சம் பெட்டிகள் அபாயத்தில் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், அந்த மென்பொருளை எழுதிய நிறுவனம் 2005-லேயே ஓட்டையை அடைத்துவிட்டது. ஒன்பது வருஷம் கழிந்தும் அந்த மருந்து வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. மோடம் தயாரித்தவர்கள் பழைய மென்பொருளையே போட்டு விற்றார்கள். மருந்து இருந்தும் நோயாளிக்குக் கொடுக்க ஆளில்லை!

நம் நாட்டு உதாரணமும் உண்டு. 2017-ஆம் ஆண்டு ஜூலைக் கடைசியில் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். சந்தாதாரர்களின் மோடங்கள் ஆயிரக்கணக்கில் திடீரென்று செயலிழந்தன. பாதிக்கப்பட்டவை 60,000-க்கும் மேல் என்று செய்திகள் வந்தன. 'ப்ரிக்கர்பாட்' என்ற நாசகார மென்பொருளின் வேலை அது. பெயரிலேயே செங்கல் இருப்பதைக் கவனியுங்கள். அது குறிவைத்தது தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமலே விட்ட பெட்டிகளை. 'அட்மின்' என்பது பெயர், 'அட்மின்' என்பதே கடவுச்சொல். வாசலில் பூட்டைத் தொங்கவிட்டு அதிலேயே சாவியையும் விட்டதைப் போல. கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள் என்று சந்தாதாரர்களுக்கு அப்போது அறிவுரை கூறப்பட்டது.

கம்பெனியே பார்த்துக்கொள்ளுமா?

'அப்படியானால் எல்லாவற்றையும் கம்பெனியே செய்யட்டும்' என்று சொல்லத் தோன்றும். ஓரளவுக்கு அதற்கு வழியும் இருக்கிறது. 2004-இல் வந்த 'டி.ஆர்-069' என்ற நெறிமுறைப்படி, இணைப்புக் கம்பெனி தன் அலுவலகத்தில் இருந்தபடியே லட்சக்கணக்கான வீட்டுப் பெட்டிகளின் ஃபர்ம்வேரை மாற்றலாம். நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது வேலை முடிந்துவிடும்.

இதன் நன்மையும் தீமையும் ஒரே நிகழ்ச்சியில் தெரிந்தது. 2016-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி ஜெர்மனியில் 'டாய்ச் டெலிகாம்' சந்தாதாரர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணைப்பு தடைப்பட்டது. கம்பெனி தன் பெட்டிகளைக் கவனிப்பதற்காக வைத்திருக்கும் வாசல் வழியாகவே நாசகாரர்கள் உள்ளே நுழையப் பார்த்தார்கள். வைத்தியர் வருவதற்கென்று திறந்து வைத்த கதவில் திருடன் வந்த கதை. ஆனால் தீர்வும் விரைவாகக் கிடைத்தது. கம்பெனி புதிய ஃபர்ம்வேரைத் தயார் செய்தது. 'பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் கழித்து மாட்டுங்கள்' என்று மட்டும் மக்களிடம் சொன்னார்கள். மாட்டியவுடன் பெட்டி தானாகவே புதியதை வாங்கிக்கொண்டது. 9 லட்சம் பேரும் தனித்தனியாக ஃபைல் தேடி உட்கார்ந்திருந்தால் எத்தனை செங்கற்கள் விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கம்பெனியும் தடுக்கி விழலாம். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் 'லாக்ஸ்டேட்' என்ற நிறுவனம், இணையத்தோடு இணைந்த கதவுப் பூட்டுகளுக்கு வேறொரு மாடலின் ஃபர்ம்வேரைத் தவறுதலாக அனுப்பிவிட்டது. சுமார் 500 பேரின் பூட்டுகள் வேலை செய்யாமல் போயின. தயாரித்தவருக்கே மாடல் குழம்புகிறது என்றால் நம் நிலைமை என்ன?

இன்னும் பெரிய விபத்து 2023 அக்டோபரில் நடந்தது. அமெரிக்காவில் ஒரே இணைப்புக் கம்பெனியின் 6 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகளை மூன்றே நாட்களில் நாசகார மென்பொருள் ஒன்று செங்கலாக்கிவிட்டது. அவற்றை எடுத்துவிட்டு வேறு பெட்டிகள்தான் வைக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சுமை கம்பெனியின் தலையில் விழுந்தது, சந்தாதாரரின் தலையில் அல்ல. இங்கேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெட்டி யாருடையது?

என் அனுபவத்தில் நான் கண்ட விதி இதுதான்: பெட்டி செத்துப்போனால் வேறு பெட்டி கொடுக்க வேண்டியவர் யாரோ, அவரே அதன் ஃபர்ம்வேரை மாற்ற வேண்டியவர்.

கேபிள் டி.வி. கம்பி வழியாக இணைப்பு வாங்கியவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. கேபிள் மோடத்தின் ஃபர்ம்வேரைக் கம்பெனிதான் அனுப்பும். அதில் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால்தான் மோடம் அதை ஏற்றுக்கொள்ளும். நாம் விரும்பினாலும் மாற்ற முடியாதபடி அதை அமைத்திருக்கிறார்கள்.

இப்போது பரவலாக வந்திருக்கும் ஃபைபர் இணைப்பிலும் சுவரில் மாட்டும் பெட்டி கம்பெனியின் பொறுப்பு. கண்ணாடி இழை வந்து சேரும் அந்தப் பெட்டிக்குச் சர்வதேசத் தரத்தின்படி இரண்டு ஃபர்ம்வேர் அறைகள் உண்டு. கம்பெனி அதைத் தன் முனையிலிருந்து மாற்றும். நாம் வெளியிலிருந்து ஃபைலைத் தேடிக் கொண்டுவந்து போட்டால், பெட்டி சாகாவிட்டாலும் கம்பெனியின் எந்திரத்தோடு பேச்சுவார்த்தை முறிந்துவிடலாம். அதைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது வகைதான் முக்கியம். கடையிலோ ஆன்லைனிலோ நாமே காசு கொடுத்து வாங்கிய ரவுட்டர். இதற்கு வாரிசு நாம் மட்டுமே. இணைப்புக் கம்பெனிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. தயாரித்தவர் புதிய ஃபர்ம்வேரை இணையத்தில் வைப்பதோடு சரி. வாங்கிய நாளில் மாட்டிவிட்டு ஐந்து வருஷம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அது நம் தவறு. இதை மாற்றத்தான் வேண்டும். தானாக மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் விடியற்காலை நேரம் குறித்து அதை இயக்கி வைப்பது உத்தமம்.

'என் வீட்டில் எந்தப் பெட்டியை வைக்க வேண்டும் என்று கம்பெனி ஏன் சொல்ல வேண்டும்?' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்த சட்டப்படி, சந்தாதாரர் தன் விருப்பப்படி சொந்தப் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். நல்ல உரிமைதான். ஆனால் உரிமையோடு பொறுப்பும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பெட்டி சொந்தமானால் வைத்தியச் செலவும் சொந்தம்.

கம்பெனிப் பெட்டிதான், ஆனால் கம்பெனி பல வருஷமாக அதை எட்டிப் பார்க்கவில்லை என்றால்? இது நம்மில் பலருக்கு உள்ள நிஜமான குறை. அப்போதும் ஃபைலைத் தேடி நாமே இறங்க வேண்டாம். பெட்டியின் மாடலையும் ஃபர்ம்வேர் எண்ணையும் குறித்து, 'இதைப் புதுப்பியுங்கள் அல்லது பெட்டியை மாற்றிக் கொடுங்கள்' என்று எழுத்து மூலம் கேளுங்கள். புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கடவுச்சொல்லை மாற்றுவதும், வெளியிலிருந்து பெட்டிக்குள் நுழையும் வசதி நம் பக்கத்தில் திறந்திருந்தால் அதை மூடுவதும் நம் கையில் இருக்கிறது. அதற்கு ஃபர்ம்வேரைத் தொட வேண்டியதில்லை.

நாமே செய்வதென்றால்

சொந்த ரவுட்டர் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தால் ஆபத்து மிகக் குறைவு.

1. பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். மாடல் எண் மட்டும் போதாது. 'வி1', 'வி2' என்று வன்பொருள் பதிப்பு எண் இருக்கும். ஒரே பெயரில் விற்கும் பெட்டிகளுக்கு உள்ளே வேறு வேறு சில்லுகள் இருக்கலாம். இரண்டு எண்ணும் பொருந்த வேண்டும்.

2. ஃபைலைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்தோ, பெட்டியின் சொந்த 'ஆப்' வழியாகவோ மட்டும் எடுங்கள். நண்பர் பென்டிரைவில் கொடுத்தது வேண்டாம்.

3. இணைப்புக்கான பெயர், கடவுச்சொல், வைஃபை பெயர் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். ஃபர்ம்வேர் மாறும்போது சில சமயம் இவை அழிந்துபோகும்.

4. கம்ப்யூட்டரிலிருந்து செய்தால் வைஃபை வேண்டாம். கேபிளால் நேராக இணைத்துச் செய்யுங்கள்.

5. ரவுட்டரும் கம்ப்யூட்டரும் இன்வர்ட்டரிலோ யு.பி.எஸ்.ஸிலோ இருக்கட்டும். அந்த இன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

6. வேலை நாளில் காலை நேரமாகப் பாருங்கள். தகராறு என்றால் உதவி கேட்கக் கம்பெனியில் ஆள் இருப்பார். பரீட்சை, டிக்கெட், பென்ஷன், பணம் அனுப்புவது எல்லாம் முடிந்த பிறகு செய்யுங்கள்.

7. ஆரம்பித்த பிறகு பத்து நிமிடம் பெட்டியைத் தொடாதீர்கள். விளக்குகள் அணையும், சிமிட்டும், நின்றுபோனதுபோல் இருக்கும். பொறுமை தாங்காமல் பிளக்கைப் பிடுங்கியவர்கள்தான் அதிகம் நஷ்டப்பட்டவர்கள்.

8. முடிந்ததும் கடவுச்சொல் பழைய 'அட்மின்' ஆகிவிட்டதா என்று பார்த்து உடனே மாற்றுங்கள்.

புதிதாக ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள் 'எத்தனை வருஷத்துக்கு ஃபர்ம்வேர் கொடுப்பீர்கள்?' என்று கேட்டு வாங்குவது நல்லது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் உள்ள சட்டப்படி தயாரிப்பாளர் இதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் எளிதில் ஊகிக்கக்கூடிய ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்பதற்கும் அங்கே தடை உண்டு. ஃபர்ம்வேர் வருவது நின்றுபோன ரவுட்டரைத் தூர எறிய மனசு வராது. ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று தோன்றும். காலாவதியான மருந்தும் புட்டியில் நன்றாகத்தான் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். 'உங்கள் ரவுட்டர் பழசாகிவிட்டது, புதுப்பிக்க இங்கே அமுக்குங்கள்' என்று ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் வந்தால் மூடிவிடுங்கள். கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, செல்ஃபோனில் ஓர் 'ஆப்' போடச் சொன்னாலும், ஓ.டி.பி. கேட்டாலும் பேச்சை அங்கேயே முடியுங்கள். ஃபர்ம்வேர் மாற்றுவதற்கு உங்கள் வங்கியோ ஓ.டி.பி.யோ தேவையே இல்லை. ஏமாந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இனி, நண்பர் வீட்டுக்கு வருவோம். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு பெட்டி இல்லை, இரண்டு பெட்டிகள். வாசல் கதவுக்கு மேலே கம்பெனியின் ஃபைபர் பெட்டி. டி.வி.க்குப் பக்கத்தில் பிள்ளை போன வருஷம் பெங்களூரிலிருந்து வந்தபோது வாங்கி மாட்டிவிட்டுப் போன ரவுட்டர். பச்சைப் பொத்தான் இரண்டாவது பெட்டிக்கு உரியது. அதன் சொந்த 'ஆப்'பிலிருந்துதான் வந்திருந்தது. அவர் சொன்னபடி அது அவருடைய பெட்டிதான்.

"அப்படியானால் அமுக்கலாமா?" என்றார்.

"முதலில் முகத்தைக் காட்டுங்கள்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து செல்ஃபோனுக்கு முகத்தைக் காட்டினார். இரண்டாவது தடவையில் ஏற்றுக்கொண்டது. சான்று போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. ரவுட்டரின் பிளக்கை எடுத்து இன்வர்ட்டர் லைனில் மாற்றினோம். வைஃபை கடவுச்சொல்லை அவர் காலண்டரின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அதன் பிறகு பொத்தானை அவரையே அமுக்கச் சொன்னேன்.

விளக்குகள் அணைந்தன. மாமி காப்பியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, "ஏதாவது ஆகிவிட்டதா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த 2007 ஜூன் சாயங்காலம் ஞாபகம் வந்தது. காப்பி குடித்து முடிப்பதற்குள் விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடவுச்சொல்லைச் சரிபார்த்தோம், வெளியிலிருந்து நுழையும் வசதி மூடியிருப்பதையும் பார்த்துக்கொண்டோம்.

கிளம்பும்போது நண்பர் வாசல் கதவுக்கு மேலிருந்த பெட்டியைக் காட்டி, "இதற்கு எப்போது சார்?" என்றார்.

"அது உங்களுடையது இல்லை. அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்" என்றேன்.

முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் ஃபைல் எழுதிய கை. அன்று மத்தியானமே எழுதி அனுப்பிவிட்டார்.